வசனத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? பழைய படங்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கே: 'பராசக்தி', 'மனோகரா' வசனங்கள் என் தந்தைக்கு மனப்பாடம். எனக்கோ எல்லோரும் மேடையில் நின்று பேசுவது போலவும், எதையும் நீட்டி முழக்குவது போலவும் இருக்கிறது. இவற்றில் நான் எதை ரசிக்க வேண்டும்?
– வாசகர், மதுரை

ப: உங்கள் காதில் விழுவது உண்மைதான். அது மேடைத் தமிழ்தான். 'பராசக்தி' (1952) பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம். 'மனோகரா' (1954) பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். நடிகர்களும் நாடகக் கம்பெனிகளில் குரல் பழகியவர்கள். படங்கள் ஓடிய இடத்தையும் நினைத்துப் பாருங்கள். டெண்ட் கொட்டகைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ரீல் முடிந்தால் படம் நிற்கும். விளக்கு எரியும், முறுக்கு வரும், அடுத்த ரீல் தொடங்கும். இரைச்சலுக்கு நடுவே காதில் விழுந்து மனதிலும் தங்க வேண்டுமானால் வாக்கியத்துக்கு மோனையும் எதுகையும் வேண்டியிருந்தன. யார் யாருக்கு என்ன உறவு, இப்போது என்ன சிக்கல் என்பதை வசனகர்த்தா திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டியிருந்தது. இன்று நமக்கு 'நீட்டல்' என்று படுவதில் பாதி இந்தத் தேவையால் வந்தது என்பதே நம் கணிப்பு.

ஆனால் அந்தப் படங்கள் இன்றும் நிற்பது மோனையால் மட்டும் அல்ல. 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். குணசேகரன் கூண்டில் நின்று சொல்வதில் நமக்குப் புதிய செய்தி ஏதாவது இருக்கிறதா? அவன் ரங்கூனிலிருந்து வந்து சென்னையில் பணத்தைப் பறிகொடுத்தது, தங்கை கல்யாணி விதவையாகி இட்லிக் கடை வைத்தது, ஆண்கள் அவளைத் துரத்தியது, கோயிலிலும் அவளுக்குக் காப்பு இல்லாமல் போனது என எல்லாவற்றையும் ஏற்கெனவே கண்ணால் பார்த்துவிட்டோம். திரைக்கதை விதிப்படி, தெரிந்த கதையை மறுபடி சொன்னால் காட்சி செத்துவிட வேண்டும். இங்கே சாகவில்லை. நாம் தனித்தனி விபத்துகளாகப் பார்த்தவற்றை அவன் ஒரே குற்றச்சாட்டாகக் கோக்கிறான். கதையில் குற்றவாளியாக நிற்பவன் காட்சியில் அரசுத் தரப்பு வக்கீலாக மாறிவிடுகிறான். போதாததற்கு, கல்யாணியின் வழக்கை விசாரிப்பவர் அவளுடைய மூத்த அண்ணன் சந்திரசேகரன் என்பது நமக்குத் தெரியும். இந்த ஏற்பாடு முழுக்க முன்னாலேயே நடந்து முடிந்ததால்தான் கலைஞரின் சொல் அங்கே வெடிக்கிறது. அதே பேச்சைப் படத்தின் முதல் அரை மணியில் வைத்திருந்தால் வெறும் சொற்பொழிவாகப் போயிருக்கும்.

'மனோகரா'விலும் இதே வேலைதான். "பொறுத்தது போதும், பொங்கி எழு" என்று கண்ணாம்பா சொல்லும் இடம் ஏன் கொட்டகையை அதிர வைத்தது? அதுவரை மகனைக் கட்டி வைத்திருந்ததே அந்தத் தாயின் சொல்தான். அரசனின் ஆசைநாயகி வசந்தசேனை என்ன செய்தாலும் அவன் கை ஓங்காமல் இருந்தது தாய்க்குக் கட்டுப்பட்டு. இரும்புச் சங்கிலி கடைசியில்தான் வருகிறது, தாய்ச்சொல் என்ற சங்கிலி முதலிலிருந்தே இருக்கிறது. பூட்டிய வாயே திறக்கிறது. இப்படி 'எது இவனைக் கட்டியிருக்கிறது, அதை யார் அவிழ்க்கிறார்கள்' என்று பார்த்துக்கொண்டே போங்கள். வசனத்தின் நீளம் உங்களை உறுத்தாது.

கே: பழைய டைட்டில் கார்டுகளில் 'கதை – வசனம்' என்று மட்டும் வருகிறது. அப்படியானால் திரைக்கதையை எழுதியது யார்?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: படத்துக்குப் படம் மாறும். இயக்குநர், தயாரிப்பாளர், வசனகர்த்தா மூவரும் உட்கார்ந்து காட்சி பிரிப்பது ஒரு வழி. ஸ்டுடியோவே மாதச் சம்பளத்தில் கதை இலாகா வைத்திருப்பது இன்னொன்று. 'சந்திரலேகா' (1948) கதை 'ஜெமினி கதை இலாகா' பெயரில்தான் வந்தது. கொத்தமங்கலம் சுப்பு போன்ற எழுத்தாளர்கள் ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசன் முன்னால் விவாதித்து உருவாக்கிய கூட்டு வேலை அது. அதில் ஒரு காட்சியைக் காட்டி 'இது இவருடையது' என்று அறுதியிட முடியாது.

வசனகர்த்தா என்ற பெயருக்கே மதிப்பு தேடித் தந்தவர் இளங்கோவன் (இயற்பெயர் தணிகாசலம்). 'அம்பிகாபதி' (1937) இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், அவருக்குத் தமிழ் தெரியாது. 'ரோமியோ ஜூலியட்'டின் காதல் காட்சிகளைப் படித்துத் தமிழில் தரும்படி இளங்கோவனிடம் அவர் கேட்டார். காட்சியின் அமைப்பு ஒருவருடையது, அதற்கு உயிர் கொடுத்த மொழி இன்னொருவருடையது. 'கண்ணகி' (1942), 'ஹரிதாஸ்' (1944) ஆகியவற்றிலும் இளங்கோவன் தமிழைக் கேட்கலாம். 'கண்ணகி'யில் கண்ணாம்பாவின் தாய்மொழி தெலுங்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வழக்காடும் காட்சியைக் கேளுங்கள். மூச்சு விடும் இடம் பார்த்து வாக்கியத்தை வெட்டத் தெரிந்தவர் எழுதியது என்பது புரியும்.

'ஹரிதாஸ்' பற்றி ஒரு கூடுதல் குறிப்பு. போர்க்காலப் பிலிம் தட்டுப்பாட்டால் அன்று ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு வரம்பு வைத்திருந்தது. கணக்குப்படி 2 மணி 2 நிமிடம். நாலு மணி நேரப் படத்துக்குப் பழகிய கதாசிரியர்கள் கிளைக்கதைகளைக் கத்தரிக்க வேண்டி வந்தது. அந்தக் காலப் படங்கள் சில கச்சிதமாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

கே: ஒரு பழைய படத்தை எழுதக் கற்பவன் போலப் பார்க்க வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது? ஒழுங்கான முறை உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

ப: உண்டு. ஒரே படத்தை மூன்று முறை பார்க்க வேண்டும், ஆனால் மூன்று விதமாக.

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். குறிப்பு எடுக்காதீர்கள். குறிப்பெடுத்துக்கொண்டே பார்ப்பவர்கள் எங்கே சிரித்தோம், எங்கே சலித்தோம் என்பதையே தவறவிடுகிறார்கள். பிறகு எல்லாவற்றையும் மூளையால் மட்டும் எடைபோட வேண்டியதாகிவிடும். படம் முடிந்ததும் நினைவில் நிற்கும் ஐந்து இடங்களை மட்டும் எழுதி வையுங்கள்.

இரண்டாவது முறை காட்சிப் பிரிப்பு. 100 பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தை நெட்டுக்கு நாலாகப் பிரியுங்கள்: கடிகார நேரம், இடம், யாருக்கு என்ன வேண்டும், காட்சி முடியும்போது எது மாறியிருக்கிறது. இடமோ நேரமோ மாறினால் புதிய வரி. கடைசிக் கட்டம்தான் முக்கியம். 'கோபமாகப் பேசிக்கொண்டார்கள்' என்று எழுதாதீர்கள், அது மாற்றம் அல்ல. 'இனி இந்த வீட்டுக்கு அவன் வர முடியாது' என்பது மாற்றம். எதுவும் மாறாத காட்சிக்கு ஒரு சுழி போடுங்கள். மூன்று சுழிகள் அடுத்தடுத்து வரும் இடம்தான் முதல் முறை பார்த்தபோது உங்களுக்குச் சலித்த இடமாக இருக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டரை மணிப் படத்துக்கு இந்த வேலை ஐந்து, ஆறு மணி நேரம் பிடிக்கும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முறை, பிடித்த காட்சிகளை மட்டும் இரண்டு சோதனைக்கு உட்படுத்துங்கள். ஒன்று, படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்பது. இலங்கை வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது தெரிந்த சுகம். அடுத்தது, ஒலியை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பது. காது மட்டும் இருந்தும் முழுதாக விளங்கினால் அது வசனம் சுமக்கும் காட்சி. கண் மட்டும் இருந்தும் விளங்கினால் அமைப்பு சுமக்கும் காட்சி.

இதற்கு நல்ல பயிற்சிப் படம் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962). ஏறக்குறைய முழுப் படமும் ஒரு மருத்துவமனைக்குள்தான். நோயாளியாக வரும் முத்துராமன், அவர் மனைவி தேவிகா, மருத்துவர் கல்யாண்குமார். மருத்துவர் அந்த மனைவியின் பழைய காதலர். இடம் மாறாததால் உங்கள் நோட்டில் இரண்டாவது கட்டம் பெரும்பாலும் ஒன்றே, மாற்றம் எல்லாம் நாலாவது கட்டத்தில்தான் நடக்கும். கணவனுக்கு உண்மை தெரிகிறது, தான் இறந்தால் மருத்துவரையே மணந்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். அந்தக் கணத்திலிருந்து அறுவைச் சிகிச்சை மருத்துவ விஷயமாக இல்லை, மருத்துவரின் மனச்சாட்சிக்கு வைத்த பரீட்சையாகிவிட்டது. மூன்று பேரும் நல்லவர்கள். வில்லன் இல்லாமல் இவ்வளவு இறுக்கம் ஏற்றுவது எப்படி என்று படிக்க இதைவிட நல்ல பாடம் தமிழில் அரிது.

கே: பாட்டு வரும்போது ஓட்டிவிட்டால் நேரம் மிச்சமாகுமே?
– வாசகர், ஈரோடு

ப: காட்சிப் பிரிப்பில் ஓட்டாதீர்கள். 'கல்யாண பரிசு' (1959) படத்தில் 'காதலிலே தோல்வியுற்றாள்' என்று பெண் குரலிலும், 'தோல்வியுற்றான்' என்று ஆண் குரலிலும் ஒரே மெட்டில் இரண்டு பாட்டு வருகிறது. ஒரே இழப்பை இருவரும் தனித்தனியே சுமக்கிறார்கள் என்பதை வசனம் எங்கும் சொல்லவில்லை, பாடலாசிரியர் பட்டுக்கோட்டையாரும் இசையமைப்பாளர் ஏ.எம். ராஜாவும் சொல்லிவிடுகிறார்கள். ஓட்டினால் கதையில் ஒரு படி காணாமல் போகும்.

கே: இணையத்தில் கிடைக்கும் பழைய படங்களில் முகங்கள் அகலமாக இருக்கின்றன, நடுவில் திடீரென்று தாவுகிறது. முழுப் படம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, யாழ்ப்பாணம்

ப: நாலு சோதனைகள்.

முதலில் படத்தின் வடிவம். 1950களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் அகலம் 1.37, உயரம் 1 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலத் தொலைக்காட்சியில் இடமும் வலமும் கறுப்புப் பட்டை விழ வேண்டும், படம் திரையின் அகலத்தில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல் மட்டும் நிரப்ப வேண்டும். முழுத் திரையும் நிரம்பியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. இழுத்திருந்தால் முகம் ஏறக்குறைய 30 சதவீதம் அகன்றிருக்கும், வண்டிச் சக்கரம் முட்டை வடிவில் தெரியும். வெட்டியிருந்தால் உயரத்தில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகப் போயிருக்கும், நெற்றியும் கையில் இருக்கும் பொருளும் காணாமல் போகும். இழுத்ததைத் தொலைக்காட்சியின் 4:3 அமைப்பில் வைத்துச் சரிசெய்யலாம். வெட்டியதை மீட்க வழியில்லை, வேறு பிரதி தேடுங்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத் திரை) படம் 'ராஜராஜ சோழன்' 1973இல்தான் வந்தது, ஆகவே அதற்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படம் அகலத் திரையை நிரப்புகிறது என்றாலே சந்தேகப்படுங்கள்.

அடுத்தது நீளம். தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நிறுத்திப் படியுங்கள், அடிக்கணக்கும் ரீல் எண்ணிக்கையும் இருக்கும். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 15,000 அடி என்றால் 2 மணி 47 நிமிடம். மீட்டரில் இருந்தால் 27.4ஆல் வகுங்கள். கையில் இருக்கும் பிரதி 2 மணி 20 நிமிடம்தான் என்றால் அரை மணி நேரம் போய்விட்டது. இங்கே இரண்டு இடத்தில் தவறு நேரும். சில டிவிடிகள் நொடிக்கு 24 கட்டத்துக்கு (பிரேமுக்கு) பதில் 25 என்ற வேகத்தில் ஓடும். அதே 15,000 அடிப் படம் 2 மணி 40 நிமிடத்தில் முடியும், குரல்களும் கொஞ்சம் கீச்சென்றிருக்கும். அது வெட்டு அல்ல. இன்னொன்று, சான்றிதழுக்கு அன்று பத்தாண்டு ஆயுள்தான். மறுவெளியீட்டுக்காக வாங்கிய புதிய சான்றிதழில் ஏற்கெனவே குறைக்கப்பட்ட நீளம் இருக்கலாம். தேதியைப் பாருங்கள். 1952 படத்துக்கு 1970களின் சான்றிதழ் இருந்தால் அந்த நீளத்தை மூலமென்று நம்ப வேண்டாம்.

மூன்றாவது, ரீல் மாற்றப் புள்ளி. திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு வட்டம் மின்னி மறையும், சுமார் ஏழு நொடியில் இன்னொன்று. ரீல் முடிகிறது என்று ஆபரேட்டருக்குத் தரும் அடையாளம் அது. ஒரு ஜோடிப் புள்ளிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். மற்றவை ஒரே அளவில் இருக்க ஒன்று மட்டும் ஆறு நிமிடத்தில் முடிந்தால் அந்த ரீலில்தான் இழப்பு. வாக்கியம் பாதியில் தாவினாலும் கவலைப்பட வேண்டாம், அது பெரும்பாலும் பிலிம் அறுந்து ஒட்டிய இடம், சில கட்டங்கள்தான் போயிருக்கும். ஒரு பாத்திரம் அறிமுகமே இல்லாமல் வந்து நின்றால்தான் காட்சியே போயிருக்கிறது.

நாலாவது, பாட்டுப் புத்தகம். அதில் உள்ள பாடல்களை எண்ணிப் படத்தோடு ஒப்பிடுங்கள். முதலில் பறிபோவது பாட்டுதான்.

கே: 'அந்த நாள்' படம் 'ரஷோமோன்' காப்பி என்கிறார்களே?
– வாசகர், சென்னை

ப: சொன்னவர் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) ஒரே நிகழ்ச்சியைப் பலர் வேறு வேறாகச் சொல்வது. இறந்தவனும் சாட்சி சொல்கிறான், உண்மை எது என்று படம் தீர்ப்பளிப்பதில்லை. எஸ். பாலசந்தர் இயக்கி, ஜாவர் சீதாராமன் திரைக்கதை வசனம் எழுதிய 'அந்த நாள்' (1954) துப்பறியும் கதை. அதற்கு விடை உண்டு. சாட்சிகள் கொலையை விவரிப்பதைவிட, மற்றவருக்குக் கொலையுண்டவன் மேல் என்ன பகை என்பதை விவரிக்கிறார்கள். கொலையுண்ட ஒருவரைப் பலர் பலவிதமாகச் சித்திரிப்பது என்று பார்த்தால் அதே 1950இல் வந்த பிரிட்டிஷ் படம் 'தி உமன் இன் கொஸ்டின்' இன்னும் நெருக்கம்.

எழுத்தில் கவனிக்க வேண்டியது வேறு. சிவாஜி கணேசன் முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் சாகிறார். கதாநாயகன் செத்தபின் அவரை அறியத் தொடங்குகிறோம், ஒவ்வொரு பிளாஷ்பேக்கிலும் ராஜன் வேறோர் ஆளாகத் தெரிகிறான். ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 11.10.1943 என்ற நாளைத் தேர்ந்தது வெறும் பின்னணிக்காக அல்ல. ராஜன் எதிரிக்குச் செய்தி அனுப்பிய ரேடியோ என்ஜினீயர் என்பது தெரிய வரும்போது அந்தத் தேதியே சாட்சியாகிவிடுகிறது. பாட்டும் நடனமும் இல்லாததைப் பெரிதாகப் பேசுகிறோம். பாட்டு இல்லாமல் போனதால் மூச்சு விடும் இடங்களை விசாரணை செய்யும் அதிகாரியின் பேச்சிலேயே வைக்க வேண்டி வந்ததே, அந்த வேலையைக் கவனியுங்கள். அந்த அதிகாரியாக நடித்தவரும் ஜாவர் சீதாராமன்தான்.

கே: அக்காலப் படங்களில் நகைச்சுவை தனியாக ஒட்டவைத்தது போல இருக்கிறது. அதைத் திரைக்கதையில் சேர்ப்பதா?
– வாசகி, திருச்சி

ப: பல படங்களில் ஒட்டவைத்ததேதான். என்.எஸ். கிருஷ்ணன் தம் பகுதிகளைத் தம் குழுவோடு தனியே அமைத்துக்கொள்வார். அதை எடுத்துவிட்டாலும் மூலக்கதை குலையாது. சோதனை சுலபம். நகைச்சுவைக் காட்சிகளை நீக்கியபின் ஏதாவது ஒரு காட்சி விளங்காமல் போகிறதா என்று பாருங்கள்.

ஆனால் வேறு விதப் பிணைப்பும் உண்டு. 'கல்யாண பரிசு'வில் தங்கவேலு மனைவியிடம் மன்னார் அண்ட் கம்பெனி வேலை என்கிறார், எழுத்தாளர் பைரவன் நானேதான் என்கிறார். எல்லாம் பொய். மூலக்கதையில் சரோஜாதேவி தன் காதலை அக்காவிடம் மறைக்கிறாள். நெருங்கியவரிடம் மறைப்பது என்ற ஒரே சரடு, ஒரு பக்கம் சிரிப்பாகவும் இன்னொரு பக்கம் இரண்டு பெண்களின் வாழ்க்கையாகவும் ஓடுகிறது. 'காதலிக்க நேரமில்லை' (1964) இன்னும் ஒரு படி மேல். அதில் தனி நகைச்சுவை டிராக்கே கிடையாது. பாலையாவின் பண ஆசைதான் மாப்பிள்ளை விஷயத்தையும் நகர்த்துகிறது, மகன் நாகேஷின் 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' கனவுக்கும் முட்டுக்கட்டை போடுகிறது. நாகேஷ் கதை சொல்லிப் பயமுறுத்தும் அந்தப் புகழ்பெற்ற காட்சியில் கதையே இல்லை, ஓசைகள்தான். கேட்பவரின் முகம்தான் காட்சி என்று வசனகர்த்தா சித்ராலயா கோபுவும் இயக்குநர் ஸ்ரீதரும் முடிவு செய்திருக்கிறார்கள். நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பார்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கே: அமெரிக்கப் பொற்காலத் திரைக்கதாசிரியர்களில் யாரிடமிருந்து தொடங்கலாம்?
– வாசகர், பெங்களூரு

ப: பில்லி வைல்டர். ஐ.ஏ.எல். டயமண்டோடு சேர்ந்து எழுதிய 'தி அபார்ட்மென்ட்' (1960) பாருங்கள். அலுவலக ஊழியன் ஒருவன் தன் வீட்டைக் காதலியோடு தங்க மேலதிகாரிகளுக்கு இரவல் கொடுக்கிறான். ஒருநாள் வீட்டில் கிடந்த பெண்களின் கைக்கண்ணாடியை, விரிசல் விட்டிருந்தது என்று சொல்லிப் பெரிய அதிகாரியிடம் திருப்பிக் கொடுக்கிறான். பிறகு கிறிஸ்துமஸ் விருந்தில், தான் நேசிக்கும் பெண் கண்ணாடி நீட்டுகிறாள், அதே விரிசல். அவள் யாருடைய காதலி என்பது அவனுக்குப் புரிந்துவிடுகிறது. வைத்தது ஒரு இடம், நினைவூட்டியது ஒரு இடம், அறுவடை ஒரு இடம். விளக்கிச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. ஒலியை அடைத்துப் பார்க்கும் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி இல்லை.

அடுத்து பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ். தானே இயக்க விட வேண்டும் என்ற நிபந்தனையோடு 'தி கிரேட் மெக்கின்டி' (1940) கதையைப் பாரமவுண்டுக்கு 10 டாலருக்கு விற்றார். அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. எழுதியதைப் பிறர் மாற்றுவது பொறுக்காமல் இயக்குநரானவர்கள் இவரும் வைல்டரும். வசனகர்த்தாவாகத் தொடங்கிய நம் ஸ்ரீதரும் அதே பாதையில் நடந்தவர்.

கே: பழைய வசனப் புத்தகங்கள், பாட்டுப் புத்தகங்கள் எங்கே பார்க்கலாம்?
– வாசகி, சேலம்

ப: சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேளுங்கள். படத்தின் பெயர், ஆண்டு, தயாரிப்பு நிறுவனம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள், ஒரே பெயரில் இரண்டு மூன்று படங்கள் உண்டு. பாட்டுப் புத்தகத்தின் கதைச் சுருக்கம் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று பாதியில் நின்றுவிடும். எந்தத் திருப்பத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள், படத்தை விற்க எதை மறைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் நினைத்தார் என்பது அதில் தெரியும். வசனப் புத்தகத்தில் பேச்சு மட்டும்தான் இருக்கும், நடிகர் எங்கே நின்றார், எப்போது திரும்பினார் என்பது இருக்காது. ஆகவே பென்சிலோடு படத்தை ஓட்டி, ஓரத்தில் அசைவுகளை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நூலகப் பிரதியில் அல்ல, உங்கள் நகலில்.